சனிக்கிழமை மாத்திரை

என் மனைவியின் ஸ்கூட்டர், டயர் கடை வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் போய் முட்டியபோது காலை மணி ஆறு ஐம்பது. பின்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து காய்கறிச் சந்தைக்குப் போகும் வழியில் ஏழு வேகத்தடைகள் உண்டு. ஐந்தாவதைத் தாண்டியிருந்தோம். முன்னால் போன மினி பஸ் திடீரென்று நின்றது. அவள் வண்டியை இடப்பக்கம் ஒடித்து, இரண்டு கால்களையும் தரையில் தேய்த்தாள். டயர்கள் எங்களை மெத்தை போல வாங்கி, மெல்லத் திருப்பித் தள்ளின. மேலே இருந்த இரண்டு மட்டும் உருண்டு தெருவின் மறுபக்கம் போய் விழுந்தன. யாருக்கும் அடியில்லை. என் செருப்பு ஒன்று கழன்றது.

“பிரேக்கு பிடிக்கல” என்றாள் அவள்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். நூற்பாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த காலமெல்லாம் நான் சைக்கிளிலேயே போய்வந்தேன். முழங்கால்கள் தகராறு செய்ய ஆரம்பித்ததும் சைக்கிளும் நின்றது. அவள் நாற்பத்தெட்டாவது வயதில் மூன்று முறை விழுந்து ஸ்கூட்டர் பழகினாள். இப்போது அறுபத்து நான்கு. ரேஷன் கடை, வங்கி, என் ரத்தப் பரிசோதனை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் தங்கை வீடு எல்லாவற்றுக்கும் அவள் ஓட்ட, நான் பின்னால் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட அவள் எதிலும் இடித்ததில்லை.

ஆகவே நான் வண்டியைத்தான் சந்தேகப்பட்டேன். மெக்கானிக் இரண்டு விரலால் பிரேக்கை அழுத்திக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். வயரை மாற்றச் சொன்னேன். மாற்றினான். அது போதாமல் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பத்தரை மணிக்கு அவளைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிடித்தாள். பன்னிரண்டு முறை பிடிக்கச் சொன்னேன். பன்னிரண்டு முறையும் பிரேக் கம்பி நன்றாக அமுங்கியது.

“போதுமா? இன்னும் எண்ணணுமா?” என்று கேட்டாள்.

ஆறு ஐம்பதுக்கு அமுங்காத பிரேக் பத்தரைக்கு எப்படி அமுங்குகிறது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் வேலை பார்த்தது ஆலையின் பரிசோதனைக் கூடத்தில். இத்தனை நீள நூல் இத்தனை எடை இருக்கிறதா, எத்தனை இழுப்புக்கு அறுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் தொழில். ஒரே நூல் காலையில் ஒரு கணக்கும் மத்தியானம் ஒரு கணக்கும் காட்டினால் நூலில் கோளாறு இல்லை, காற்றில் ஈரம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். எது?

மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்து அவளைக் கவனித்தேன். குழாயை விரல்களால் திருகாமல் மணிக்கட்டை வைத்துத் தள்ளித் திறந்தாள். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். காப்பி தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக் குடித்தாள். பின்கதவுத் தாழ்ப்பாளை முழங்கையால் இடித்து நீக்கினாள். எல்லாவற்றையும் பழகிய வேகத்தில், தடுமாறாமல் செய்தாள். நேற்று வந்த பழக்கம் இல்லை அது. வீட்டில் எத்தனை கொக்கிகள், எத்தனை மின்விளக்குகள், தெருவில் எத்தனை நாய்கள் என்று சொல்லக்கூடிய நான் இதைப் பார்த்ததே இல்லை.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

“காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுலருந்து.”

அவள் சொன்னது கொசுக் காய்ச்சலை, சிக்குன்குனியாவை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வந்தது. எங்கள் இருவருக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டுவலி போக மாதக்கணக்கானது. அதிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு எங்கே வலித்தாலும் பழி அந்தக் கொசுவின் மேல்தான். எனக்கு முழங்கால் வலி அதற்கு ஒன்பது வருடம் முந்தியது. அதையும்கூட எதிர்வீட்டுக்காரர் கொசுவின் கணக்கில் சேர்த்துவிட்டார். நான் மறுத்தும் பார்த்தேன், கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை நான் செய்திருந்தேன். என் முழங்காலுக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை அவளுக்கும் பிரித்துக் கொடுத்து வந்தேன். வலி ஒன்றுதானே, மாத்திரையும் ஒன்றாக இருக்கட்டும் என்ற நினைப்பு. அது அவள் வலியைப் பாதி அடக்கியது. பாதி அடங்கிய வலியை அவள் வெளியே சொல்லவில்லை. இப்படியே பதினான்கு மாதம் போயிருந்தது.

டயர் கடைச் சம்பவத்துக்கு மறுநாளே வண்டிச் சாவியை அவளே ஆணியில் மாட்டிவிட்டாள். கை சரியாகும்வரை எடுக்க மாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டின் எல்லை என் முழங்காலின் எல்லையாகச் சுருங்கியது. அதாவது தெருமுனைப் பலசரக்குக் கடைவரை, எட்டு வைத்துப் போனால் முந்நூற்று எண்பது. தங்கை வீட்டுக்குப் போவது நின்றது. அவள் தினமும் வண்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். துணியை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு மூட்டு வியாதிகளுக்கென்றே படித்த டாக்டர் ஒருவர் மதுரையிலிருந்து மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை வருகிறார் என்று தங்கை விசாரித்துச் சொன்னாள். பஸ்ஸில் போனோம். எங்களுக்கு முன்னால் பதினேழு பேர் இருந்தார்கள். நான் சும்மா உட்காரத் தெரியாதவன். எங்கே வலி, எந்த நேரத்தில் வலி, எத்தனை மூட்டு என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வலது கால் செருப்பின் முன்வாரை அறுத்துவிட்டுப் போட்டிருந்தார். அவருக்குக் கட்டைவிரல் ஒன்றில் மட்டும்தான் வலி. வந்தால் ஒரே ராத்திரியில் வந்து சிவந்து வீங்கிவிடுமாம். நாலைந்து நாளில் வந்த வழியே போய்விடுமாம். பிறகு மூன்று மாதத்துக்கு அங்கே வலித்த அடையாளமே இருக்காது.

“போர்வை மேல பட்டாலே உயிர் போயிரும் சார்” என்றார். “எல்லையில பனியில நின்னப்ப ஒண்ணும் வரல. பென்சன் வந்த பொறவுதான் இதும் வருது.”

ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டுக்குள் உப்புப் படிகமாக உறைவதால் வருவது என்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். ஆட்டு ஈரலையும் பீரையும் விடச் சொல்லியிருந்தார்களாம். எதை விட்டீர்கள் என்று கேட்டேன். ஈரலை என்றார்.

அவருக்கு அடுத்தாற்போல் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் இளைஞன், இருபத்தாறு வயது. அவனுக்கு வலி முதுகின் அடியில். விடியற்காலையில் கட்டிலை விட்டு எழ முடியாதாம், பக்கவாட்டில் உருண்டுதான் இறங்க வேண்டுமாம். வேலைக்குப் போய் தறிக்கு நடுவில் நடக்க நடக்க வலி குறையுமாம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் கூடுமாம். எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. என் முழங்கால் நேர் எதிர். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் சமாதானம் ஆகும்.

ஒன்பது பேரைக் கேட்டு முடித்திருந்தேன். ஒன்றோடொன்று ஒத்துப்போனது இரண்டே இரண்டுதான். நம் ஊரில் மூட்டுவலி என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை பேரை எப்படி அடைத்து வைத்திருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது எங்களைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். என் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார், தக்காளி பழுத்ததா என்று பார்ப்பது போல. விரல் முட்டிகளில் இரண்டு கைகளிலும் ஒரே அளவு வீக்கம். மணிக்கட்டுகளிலும் அப்படியே. பாதங்களையும் பார்த்தார். பிறகு கேட்டார்: “காலையில எந்திரிச்சதும் கை இறுக்கமா இருக்குமில்ல, அது எவ்வளவு நேரம் இருக்கும்?”

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எண்ணிக்கை என்றால் என்னைப் பார்ப்பதுதான் வழக்கம்.

எனக்குத் தெரியவில்லை. என் முழங்கால் காலையில் எத்தனை நேரம் இறுகியிருக்கும் என்று தெரியும். எட்டு நிமிடம், மழைக்காலத்தில் பத்து. அதைச் சொன்னேன். “உங்களைக் கேக்கல சார்” என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வாசல்வரை வந்த செருப்பைப் போல நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“அடுப்பு வேலை முடியுத வரைக்கும் இருக்கும்மா” என்று அவளே மெதுவாகச் சொன்னாள். “எட்டு, எட்டரை ஆயிரும். பொறவு விட்டுரும்.”

அப்போதுதான் எனக்கு அந்த ஆறு ஐம்பதும் பத்தரையும் விளங்கின.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்று அடைத்து, அவள் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். பாதரசம் இருபதிலிருந்து ஏறி ஐம்பத்தெட்டில் நின்றது. என்னை அழுத்தச் சொன்னார். இருநூற்று இருபது. அந்த இரண்டு எண்களையும் நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வந்த பிறகு விளக்கினார். எனக்கு இருப்பது தேய்மானம். வயதாக ஆக எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோகிறது. அவளுக்கு இருப்பது அதுவே இல்லை, முடக்குவாதம். கிருமியை விரட்ட உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது அல்லவா, அந்தக் காவல் ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உள்தோலையே தாக்குகிறது. அதனால் உள்ளே வீங்குகிறது. விட்டுவிட்டால் வீக்கம் எலும்பை அரிக்கும், விரல்கள் கோணும், கோணியதை மாத்திரையால் நிமிர்த்த முடியாது. என் வலி மாத்திரை வலியை மட்டும் மறைத்ததே தவிர இதைத் தொடவில்லை. கொசுக் காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். அப்படி ஆரம்பிப்பதும் உண்டு, இவர் விஷயத்தில் அதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எதிர்வீட்டுக்காரரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். தேய்மானம் எனக்குப் புரியும். ஆலையில் பேரிங் தேயும், சத்தம் போடும், மாற்றுவோம். ஆனால் தேயாத பேரிங்கை இயந்திரமே சுடவைத்து, தானே கடித்துத் தின்னுமா? அப்படி ஓர் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“கோணுறதுக்கு முன்ன நின்னுருமா?” என்று கேட்டாள்.

நின்றுவிடும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

வைத்தியத்தின் நடுநாயகம் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்துக்கு ஒன்று. தினம் ஒன்று அல்ல, வாரத்துக்கு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மாத்திரை என்று டாக்டர் நான்கு முறை சொன்னார். தவறி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்தக் கண்டிப்பு. ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் கிழமையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள், கிழமையை மாற்றாதீர்கள் என்றார்.

கிழமையைக் குறித்தது நான். சனிக்கிழமை. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆலையில் பேரிங்குகளுக்கு வாராவாரம் கிரீஸ் வைப்பது சனிக்கிழமைதான். இத்தனை வருடமாக சனிக்கிழமை என்றால் வாரத்துக்கு ஒரு முறை செய்கிற வேலை என்று என் மண்டையில் ஏறிப்போயிருந்தது. காலண்டரில் வருடம் முடியும்வரை எல்லாச் சனிக்கிழமையையும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சரி என்றாள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றும் போட்டேன். அவள் கண் விழித்த நேரம், இரண்டு கைகளையும் முழுதாக மூட முடிந்த நேரம், நடுவில் இருக்கும் நிமிடங்கள். முதல் நாள் நூற்று முப்பத்தைந்து. காலையில் அவள் சமையலறையில் நிற்க, நான் அதன் வாசற்படியில் நாற்காலி போட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பேன். மூட முடிந்ததும் அவள் கையைத் தூக்கிக் காட்டுவாள், ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போடுகிறவர்களைப் போல. சில நாள் வேண்டுமென்றே காட்டாமல் இழுத்தடிப்பாள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரத்தில் நூற்றுப் பத்து. எட்டாவது வாரம் எழுபது. ஆவணி முடியும்போது இருபத்தைந்து. பாதரசமும் ஐம்பத்தெட்டிலிருந்து நூற்றுப் பத்துக்கு ஏறியிருந்தது. டாக்டர் நோட்டைப் பார்த்து, எல்லா நோயாளி வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் நல்லது என்றார். அதற்கு என் மனைவி, கூட இருந்து பார்த்தால்தான் தெரியும் என்றாள்.

இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் வண்டி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடியும் மாட்டினாள்.

பிறகு புரட்டாசி வந்தது. நிமிடங்கள் ஏறத் தொடங்கின. முதல் வாரம் பெரிதாக ஒன்றுமில்லை, முப்பது. அடுத்த வாரம் முப்பத்தெட்டு. அதற்கடுத்து ஐம்பத்தைந்து. மாதம் முடியும்போது எண்பது. வலது கை நடுவிரல் முட்டி மறுபடியும் வெங்காயம் போல் பளபளத்தது.

நான் காரணம் தேடினேன். சனிக்கிழமை மாத்திரை தவறியிருக்குமோ என்று அட்டையை எடுத்து எண்ணினேன். தவறவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு குழி காலியாகியிருந்தது, நோட்டில் என் டிக்கும் இருந்தது. அப்படியானால் வேறு ஏதோ. கத்தரிக்காயை நிறுத்தினேன். மேற்கே அய்யனார் கோவில் மலையில் மழை இறங்கிய நாட்களைத் தனியாகக் குறித்து ஒத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. சலவைத்தூளை மாற்றினேன். புதிய மாத்திரை அட்டை போலியோ என்று மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் வேறு அட்டை தந்து என்னை அனுப்பிவைத்தார். அவள் கால்களைக் குறை சொன்னேன். புரட்டாசிச் சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள சின்னக் குன்றின் மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கத் தங்கையோடு படியேறிப் போய்வந்துகொண்டிருந்தாள். அது அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே உள்ள வழக்கம். நானும் பஸ்ஸில் கூடப் போய்க் கீழே உட்கார்ந்திருப்பேன். அந்தப் படிகளை வாலிபத்தில் மூன்று முறை எண்ணியிருக்கிறேன், மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது. படியேறுவதால்தான் நோய் ஏறுகிறது என்று நான் சொன்னபோது, கையாலா ஏறுகிறேன் என்று கேட்டாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் வந்த வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனோம். பட்டையை அழுத்தினாள். எழுபத்திரண்டு. டாக்டர் நோட்டை எடுத்து, நிமிடங்களையும் சனிக்கிழமை டிக்குகளையும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். முகம் மாறியது. மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது என்றார். மாத்திரை ஒழுங்காகப் போயும் நோய் ஏறுகிறது என்றால் அளவைக் கூட்ட வேண்டும், இரண்டாவதாக இன்னொரு மருந்தும் சேர்க்க வேண்டும், ஈரலுக்கு அடிக்கடி பரிசோதனை பார்க்க வேண்டும். வண்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

என் மனைவி கைப்பையைத் திறந்தாள். திறக்கச் சிரமப்பட்டாள், நான் கை நீட்டியபோது தட்டிவிட்டாள். திருநீறு மடிப்பது போல மடித்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே நான்கு மஞ்சள் மாத்திரைகள்.

“எழுதாதீய, டாக்டரம்மா. மருந்து மேல குத்தம் இல்ல. நாலு சனி நான் போடல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டார்.

“சாப்பிட்ட பொறவுதான் போடணும்னு சொன்னீய. புரட்டாசி சனிக்கு நான் சாப்பிட மாட்டேன், ராத்திரி பாலும் பழமும்தான். மறுநா போடலாம்னா கிழமையை மாத்தக் கூடாதுன்னும் சொன்னீய. ரெண்டையும் கேட்டா நான் எப்பப் போட?”

அவள் சொன்னதில் ஒரு தவறும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு கட்டளையையும் அப்படியே மதித்திருக்கிறாள். கோளாறு கிழமையில், கிழமையைக் குறித்தது நான். நாற்பத்தோரு வருடமாக அவளோடு வாழ்கிறேன். புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கள் வீட்டில் அடுப்பு எனக்காக மட்டும்தான் எரியும் என்பது எனக்குத் தெரியாததா? எனக்குப் பரிமாறிவிட்டு அவள் படியேறப் போவதை வருடா வருடம் பார்த்தவன்தான்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“சொன்னா விரதத்தை விடச் சொல்லுவீய. இல்லன்னா அதையும் நோட்டுல எழுதுவீய.” பிறகு டாக்டரைப் பார்த்து, “அவிய அட்டையைத்தான் எண்ணுவாவ. என் வாயை எண்ண மாட்டாவ” என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இருபத்திரண்டு வாரம் எண்ணியது காலியான குழிகளை. அவள் விழுங்கியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் நான்கு பொய் டிக்குகளை நம்பி, தேவையில்லாத மருந்து அவள் உடம்புக்குள் போக இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் இப்படி ஓர் ஏட்டை யாராவது நீட்டியிருந்தால் நானே கிழித்துப் போட்டிருப்பேன்.

எழுதிய தாளை டாக்டர் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பழைய அளவே போதும் என்றார். கிழமையை ஒருமுறை மாற்றலாம், அதைத் தன்னிடம் கேட்டுச் செய்தால் போதும் என்றார். எந்தக் கிழமை வேண்டும் என்று அவளிடம் கேட்டார். புதன் என்றாள். ஏன் புதன் என்று நான் கேட்டேன். அன்றைக்கு எந்தச் சாமிக்கும் தான் பாக்கி இல்லை என்றாள்.

புதன்கிழமைகளில் நான் டிக் போடுவதில்லை. இட்லி சாப்பிட்ட பிறகு அவள் என் எதிரில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவாள், சின்னப் பிள்ளையை மிரட்டுவது போல நாக்கையும் நீட்டுவாள். மார்கழியில் நிமிடங்கள் முப்பதுக்கு வந்தன. தையில் பதினைந்து. பாதரசம் நூற்று நாற்பத்தாறு. ஆனால் வலது நடுவிரல் முழுதாக மடங்கவில்லை. மற்ற மூன்றும் உள்ளங்கையைத் தொடும்போது அது மட்டும் ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது. எக்ஸ்ரேயில் அந்த மூட்டில் அரிப்பு தெரிந்தது. நான் மாத்திரை பிரித்துக் கொடுத்த பதினான்கு மாதத்தில் வந்ததா, நான்கு சனிக்கிழமையில் வந்ததா என்று கேட்டேன். அதைப் பிரித்துச் சொல்ல முடியாது சார் என்றார் டாக்டர். இப்போதும் சில நாள் அதைப் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். வரவில்லை.

வண்டி எடுக்கலாம் என்று அன்றுதான் சொன்னார். மூன்று நிபந்தனை. ஊருக்குள் மட்டும், காலை ஒன்பது மணிக்கு மேல், பின்னால் ஆள் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது என்னைப் பார்த்து எடை கேட்டார். எழுபத்தொன்பது என்றேன். பிரேக் பிடிக்கும்போது அந்த எழுபத்தொன்பதையும் இந்த விரல்கள்தான் நிறுத்த வேண்டும் என்றார். அதோடு, என் முழங்காலுக்கும் நடப்பது நல்லது, எடை குறைவது அதைவிட நல்லது என்று சொல்லி, தொடைக்கு நான்கு பயிற்சிகள் எழுதித் தந்தார். எனக்காக நாங்கள் போகவே இல்லை.

மறுநாள் ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்கள் என்று தகவல் வந்தது. ஒன்பது பத்துக்கு அவள் சாவியை எடுத்தாள். நான் பழக்கத்தில் பையோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

“நீங்க எங்க? நடந்து வாங்க” என்றாள். “பொறத்தால ஆள் கூடாதுன்னு சொன்னாவல்ல.”

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். வலது கையால் பிரேக்கைப் பிடித்து விட்டுப் பார்த்தாள், மறுபடியும் பிடித்தாள். மூன்று விரல்கள் கம்பியைச் சுற்றிக்கொண்டன. நடுவிரல் மட்டும் மேலே விறைப்பாக நின்றது. கிளம்பினாள். பின்னிருக்கை காலியாக இருந்ததால் வண்டி கொஞ்சம் துள்ளிக்கொண்டு போனதாகத் தோன்றியது.

நான் நடக்க ஆரம்பித்தேன். ஆனால் எட்டுகளை எண்ணவில்லை, கண் அவள் முதுகில் இருந்தது. தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்பியது. நான் நின்றுவிட்டேன். வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவள் ஒரு காலை ஊன்றி, லாரி போகும்வரை நிதானமாகக் காத்து நின்றாள்.